சங்கத் தீர்மானமும் போட்டிச் சட்டமும்

ஜிஎஸ்டி தெரியாத கடைக்காரர் இன்று இல்லை. தராசுக்கு முத்திரை போடாவிட்டால் என்ன ஆகும், உணவுப் பாதுகாப்பு உரிமம் காலாவதியானால் யார் வந்து நிற்பார் என்பதெல்லாம் நமக்கு அத்துபடி. அதிகாரி நேரில் வருகிற சட்டங்கள் மனதில் நிற்கின்றன. 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. அது மாதந்தோறும் கணக்குக் கேட்பதில்லை, உரிமம் வாங்கச் சொல்வதில்லை, கடைக்கு ஆய்வாளரை அனுப்புவதும் இல்லை. அதனால் அது பெரிய கம்பெனிகளின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் அபராதம் விதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் கூகுளுக்கும் டயர் கம்பெனிகளுக்கும் பக்கத்திலேயே மருந்து வணிகர் சங்கங்களும் சினிமா விநியோகஸ்தர் சங்கங்களும் இருக்கின்றன. சிறு வணிகர் பெரிய நிறுவனத்தை எதிர்க்கக் கையில் எடுக்கக்கூடிய ஆயுதமும் இதே சட்டம்தான். இதன் இரண்டு பக்கமும் தெரியாமல் இருப்பதுதான் சங்க நிர்வாகிகளின் பெரிய ஆபத்து. இந்த அத்தியாயம் முக்கியமாக அவர்களுக்காக எழுதப்பட்டது.

சட்டம் எதைத் தடுக்கிறது

1969-ஆம் ஆண்டின் எம்ஆர்டிபி சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. 2002-இல் நிறைவேறினாலும், தொழில் நடத்தையைக் கட்டுப்படுத்தும் முக்கியப் பிரிவுகள் 2009 மே 20 அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. 2023-இல் பெரிய திருத்தம் நடந்தது. சட்டத்தை நடத்துவது டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம். சுருக்கமாக சிசிஐ என்பார்கள். அதன் தீர்ப்பின் மேல் தேசியக் கம்பெனி சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம்.

சட்டத்துக்கு மூன்று பகுதிகள். பிரிவு 3 போட்டியைக் குலைக்கும் ஒப்பந்தங்களைத் தடுக்கிறது. பிரிவு 4 சந்தையில் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனம் அந்த நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. மூன்றாவது, பெரிய நிறுவனங்கள் ஒன்றை ஒன்று வாங்குவதற்கு முன் பெற வேண்டிய அனுமதி. 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பேரங்களையும் 2024 செப்டம்பரிலிருந்து இந்த வலைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். இந்த நூலின் வாசகர்களுக்கு அது தேவைப்படாது; விட்டுவிடலாம்.

பிரிவு 3-இல் ஒரு நுட்பம் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள். ஒரே பொருளை விற்கும் இருவர், அதாவது ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக இருக்க வேண்டியவர்கள், சேர்ந்து விலையை முடிவு செய்தாலோ, சரக்கைக் குறைத்து விட்டாலோ, ஊரைப் பங்கு போட்டுக்கொண்டாலோ, டெண்டரில் கூடிப் பேசிக்கொண்டாலோ அது போட்டியைப் பாதித்தது என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். பாதிக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது. கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வாய்ப் பேச்சு, கண் ஜாடை, தொலைபேசியில் ஒரு புரிந்துணர்வு எல்லாமே சட்டத்தின் பார்வையில் ஒப்பந்தம்தான். “நாங்கள் எதையும் எழுதி வைக்கவில்லையே” என்ற பதில் எடுபடாது.

சங்கம் எங்கே வழுக்குகிறது

வணிகர் சங்கம் வைப்பது குற்றமல்ல. வரியைக் குறைக்கக் கேட்கலாம், சாலையோர ஆக்கிரமிப்புப் பற்றி மனு கொடுக்கலாம், உறுப்பினர்களுக்குப் பயிற்சி நடத்தலாம், மொத்தமாகக் காப்பீடு எடுக்கலாம். அரசிடம் கூட்டாகக் கோரிக்கை வைப்பதற்குச் சட்டத்தில் தடை இல்லை. சங்கம் உறுப்பினரின் கல்லாப்பெட்டிக்குள் கை விடும்போதுதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. எவ்வளவுக்கு விற்க வேண்டும், எவ்வளவு தள்ளுபடி கொடுக்கலாம், யாரிடம் வாங்கக் கூடாது, யாருக்குச் சரக்குக் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் சங்கம் சொல்லத் தொடங்கினால் அது சங்க வேலையைத் தாண்டிவிட்டது.

மருந்துத் துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மருந்துக் கம்பெனி ஓர் ஊரில் புதிய ஸ்டாக்கிஸ்டை நியமிக்க வேண்டுமானால் அங்குள்ள மருந்து வணிகர் சங்கத்திடம் என்ஓசி வாங்கி வர வேண்டும் என்பது நாடு முழுக்க நெடுநாள் வழக்கமாக இருந்தது. சங்கத்தினர் அதைத் தவறாகவே நினைக்கவில்லை. ஒரே ஊரில் அளவுக்கு மீறிப் போட்டி வந்தால் எல்லாரும் நஷ்டப்படுவோம் என்பது அவர்கள் வாதம். 2013-இல் அகில இந்திய மருந்து வணிகர் அமைப்புக்கு எதிரான வழக்கில் ஆணையம் இந்த வழக்கத்தைச் சட்டவிரோதம் என்று சொல்லி 47.40 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அதன் பிறகும் பல மாநிலச் சங்கங்கள் அதே தவறுக்காக ஆணையத்தின் முன் நின்றன. சில வழக்குகளில் சங்கத்தோடு நிற்காமல், பொறுப்பில் இருந்தவர்களின் சொந்த வருமானத்திலிருந்தும் அபராதம் கட்டச் சொன்னார்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் பதவிகளில் இருப்பவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது மறக்கக் கூடாது.

புறக்கணிப்புக்கு வருவோம். இந்தியில் வெளிவந்த மகாபாரதம் தொடரை வங்காளத்தில் டப்பிங் செய்து ஒளிபரப்ப மேற்கு வங்கத்தில் இரண்டு தொலைக்காட்சிகள் முன்வந்தன. உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்புப் போய்விடும் என்று அங்குள்ள திரைத்துறைச் சங்கங்கள் எதிர்த்து, ஒளிபரப்பினால் ஒத்துழைக்க மாட்டோம் என்று எழுதின. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மார்ச்சில் நீதிமன்றம் அந்த மிரட்டல் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. தொழிலாளியின் நலனுக்காகக் குரல் கொடுக்கும் உரிமையை யாரும் மறுக்கவில்லை. ஒரு பொருள் சந்தைக்கு வருவதையே கூட்டாகத் தடுக்க அந்த உரிமையைப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் சாரம். படத்தைத் திரையிட மாட்டோம், அந்த விநியோகஸ்தரோடு தொழில் செய்ய மாட்டோம் என்று தீர்மானம் போடுகிற எந்தச் சங்கத்துக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். தமிழ்த் திரைத்துறையில் இருப்பவர்கள் கவனித்துப் படிக்க வேண்டிய தீர்ப்பு இது என்பது என் கருத்து.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில்தான் வழுக்கியிருக்கின்றன. பீர் கம்பெனிகள் மீதான வழக்கில் 2021 செப்டம்பரில் மொத்தம் 873 கோடி ரூபாய்க்கு அபராதம் வந்தது. மதுபானத்துக்குப் பல மாநிலங்களில் அரசுதான் விலை நிர்ணயிக்கிறது. ஆனாலும் அரசிடம் என்ன விலை கேட்பது என்று நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்ததை ஆணையம் குற்றமாகக் கண்டது. அந்தப் பேச்சுக்கு மேடையாக இருந்தது தொழில் சங்கம். சாட்சியாக வந்தவை அவர்களே அனுப்பிக்கொண்ட மின்னஞ்சல்களும் செல்பேசிச் செய்திகளும்.

ஆகவே கூட்டம் நடத்தும்போது சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு முன்பே பேசப்போகும் பொருள்களை எழுதி அனுப்பிவிடுங்கள். அதில் இல்லாத விஷயத்தை யாராவது எழுப்பினால் தலைவர் நிறுத்த வேண்டும். டீசல் விலை ஏறியதும் “வாடகையை எல்லாரும் பத்து சதவீதம் ஏற்றுங்கள்” என்று சுற்றறிக்கை விடாதீர்கள். செலவு எவ்வளவு கூடியது என்று அரசுக்கும் பத்திரிகைக்கும் சொல்லலாம். எவ்வளவு ஏற்றுவது என்பதை ஒவ்வொரு லாரி உரிமையாளரும் தனித்தனியே முடிவு செய்யட்டும். ஓர் உறுப்பினர் கூட்டத்தில் விலையைப் பேச ஆரம்பித்து, தலைவரும் நிறுத்தவில்லை என்றால் எதிர்ப்பைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே வாருங்கள். வெளியேறியதை மினிட்ஸ் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வாட்ஸ்அப் குழுதான் இன்றைக்குப் பெரிய தலைவலி. கூட்டத்தில் வாய்மூடி இருப்பவர் இரவு பதினோரு மணிக்குக் குழுவில் நாளைய விலையைப் போடுவார். நாற்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள். அந்த நாற்பது கட்டைவிரலும் நாற்பது சாட்சியங்கள். குழுவை நடத்துபவர் “விலை, தள்ளுபடி, வாடிக்கையாளர் பெயர் இங்கே பேசக் கூடாது” என்று விதி வைத்து, மீறிய செய்திக்கு அங்கேயே மறுப்பு எழுதுவது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

டெண்டரில் சிண்டிகேட்

ஒப்பந்தக்காரர்களிடையே இதற்குப் புதிதாக விளக்கம் தேவையில்லை. இந்த முறை உனக்கு, அடுத்த முறை எனக்கு. மற்ற இருவரும் ஒப்புக்குக் கூடுதல் விலை போட்டுக் கொடுக்க வேண்டும். பல ஊர்களில் இதைத் தொழில் தர்மம் என்றே நினைக்கிறார்கள். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

இந்திய உணவுக் கழகம் கிடங்குகளில் பூச்சியைக் கொல்லும் அலுமினியம் பாஸ்பைட் மாத்திரைகளுக்கு 2009-இல் டெண்டர் விட்டபோது மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என்று ஒரே விலையைக் குறிப்பிட்டிருந்தன. இன்னொரு டெண்டரைச் சேர்ந்து புறக்கணித்தன. ஆணையம் குற்றம் என்றது. உச்ச நீதிமன்றமும் 2017-இல் உறுதி செய்தது. ஆனால் அடுத்த ஆண்டே, சமையல் எரிவாயு சிலிண்டர் தயாரிப்பாளர்கள் வழக்கில் அதே நீதிமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. வாங்குபவர்கள் மூன்று எண்ணெய் நிறுவனங்கள் மட்டுமே, முன்னால் என்ன விலை கொடுத்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட சந்தையில் விலைகள் ஒன்றுபோல் இருப்பதை வைத்து மட்டும் சதி என்று சொல்ல முடியாது என்றது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரே விலை சந்தேகத்தைக் கிளப்பும். கூடிப் பேசியதற்கான தடயம் கிடைத்தால் சந்தேகம் குற்றமாகும்.

தடயம் எப்படிக் கிடைக்கிறது? புனே மாநகராட்சியின் குப்பை பதப்படுத்தும் ஆலை டெண்டர்களில் போட்டியாளர்கள் என்று சொல்லிக்கொண்டவர்களின் விண்ணப்பங்கள் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஏறியிருந்தன. 2018-இல் தீர்ப்பு வந்தது. புகார் கொடுத்தது ஊரின் குடிமக்கள் அமைப்பு ஒன்று. இணையவழி டெண்டர் வந்த பிறகு சிண்டிகேட்டைக் கண்டுபிடிப்பது முன்பைவிடச் சுலபமாகிவிட்டது. மூன்று பேருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் டெண்டர் தயாரித்துக் கொடுக்கும் ஆலோசகர்களும் இனித் தப்ப முடியாது. தொழிலில் நேரடியாக இல்லாவிட்டாலும் கூட்டுக்கு உதவியவர் கூட்டின் பங்காளியாகவே கருதப்படுவார் என்று 2023 திருத்தம் தெளிவாக்கிவிட்டது.

சிறு நிறுவனம் என்று இரக்கம் காட்டுவார்களா? 2020-இல் ரயில்வேக்கு பிரேக் பிளாக் விற்ற பத்து நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்தது நிரூபணமான பிறகும், அவை சிறு, குறு நிறுவனங்கள் என்பதையும் ஒத்துழைத்ததையும் கருதி அபராதம் போடாமல் எச்சரித்து விட்டார்கள். அது ஆணையம் காட்டிய கருணை. அடுத்த வழக்கில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. விலைக்கூட்டுக்கான அபராதத்தின் உச்சவரம்பு கடுமையானது. கூட்டு நீடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் பத்து சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை போகலாம். முன்பு சம்பந்தப்பட்ட பொருளின் விற்றுமுதலை மட்டும் கணக்கிட்டார்கள். இப்போது நிறுவனத்தின் மொத்த, உலகளாவிய விற்றுமுதலை வைத்து உச்சவரம்பு கணக்கிடப்படுகிறது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. கூட்டிலிருந்து முதலில் வந்து முழு உண்மையையும் ஆதாரத்தோடு சொல்பவருக்கு அபராதம் நூறு சதவீதம்வரை தள்ளுபடியாகலாம். இரண்டாவதாக வருபவருக்கு ஐம்பதும், அடுத்தவருக்கு முப்பதும் உச்சம். பேட்டரி செல் வழக்கில் பானசோனிக் இப்படித்தான் முழுவதும் தப்பியது. எவரெடிக்கு 171 கோடிக்கு மேலும், சென்னையின் நிப்போ பேட்டரியைத் தயாரிக்கும் இந்தோ நேஷனலுக்கு 42 கோடிக்கு மேலும் அபராதம் விழுந்தது. இதில் வரிசைதான் எல்லாம். “கூட்டாளிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம்” என்று நினைப்பவர் இடத்தை இழந்துவிடுவார். இந்த நிலையில் இருப்பவர் அன்றைக்கே வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

பாதிக்கப்பட்டவர் நீங்களானால்

சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி நிறுவனம் 2012-இல் கூகுள் மீது புகார் கொடுத்தது. கூகுளின் தேடல் தளம் தன் சொந்தச் சேவைகளுக்குச் சாதகமாக நடக்கிறது என்பது குற்றச்சாட்டு. 2018 பிப்ரவரியில் ஆணையம் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிறகு ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 2022-இல் 1,337.76 கோடி வந்தது; அந்தத் தொகையை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் 2023 மார்ச்சில் ஏற்றுக்கொண்டு, ஆணையத்தின் சில கட்டளைகளை மட்டும் நீக்கியது. டயர் கம்பெனிகள் மீதான வழக்குக்கு வித்திட்டது டயர் டீலர்களின் கூட்டமைப்பு கொடுத்த மனு. சென்னையின் எம்ஆர்எஃப் உட்பட ஐந்து நிறுவனங்கள் மீது 1,788 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. தீர்ப்பாயம் அபராதத்தை மறுபடி பரிசீலிக்கும்படி 2022 டிசம்பரில் ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. டீலர்கள் கம்பெனியை எதிர்த்துப் பேச முடியும் என்பதற்கு இந்த வழக்கு ஒரு சான்று.

டீலராக இருப்பவர்கள் அடிக்கடி கேட்பது தள்ளுபடி பற்றித்தான். கம்பெனி சொன்ன விலைக்குக் கீழே விற்றால் அபராதம் போடுகிறார்கள், சரக்கை நிறுத்துகிறார்கள், இது சரியா? மாருதி வழக்கில் 2021 ஆகஸ்டில் ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்த நடைமுறைக்காகத்தான். வாடிக்கையாளர் போல் ஆள் அனுப்பி, கூடுதல் தள்ளுபடி கொடுத்த டீலரைப் பிடித்துத் தண்டம் வசூலித்தது அந்த வழக்கில் வெளிவந்தது. ஆனால் ஹூண்டாய் மீது 2017-இல் இதேபோல விதித்த 87 கோடியை மேல்முறையீட்டில் ரத்து செய்துவிட்டார்கள். கம்பெனிக்கும் டீலருக்கும் இடையிலான கட்டுப்பாடுகளில் பாதிப்பை நிரூபிக்க வேண்டும். போட்டியாளர்களுக்கிடையிலான கூட்டைப் போல அனுமானம் இங்கே கிடையாது. எனவே தண்டத் தொகை காட்டும் கடிதம், கணக்கில் பிடித்த ரசீது, மேலாளரின் மின்னஞ்சல் எல்லாவற்றையும் தேதியோடு சேர்த்து வையுங்கள்.

பத்து நிமிட டெலிவரி நிறுவனங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்கின்றன என்ற மனக்குமுறல் மளிகைக் கடைக்காரர்களிடம் நிறைய. அது நியாயமான குமுறல். விநியோகஸ்தர் கூட்டமைப்பு ஆணையத்திடம் புகாரும் கொடுத்திருக்கிறது. அடக்கச் செலவை எப்படிக் கணக்கிடுவது என்று ஆணையம் 2025 மேயில் புதிய விதிமுறை வெளியிட்டது. ஆனால் பிரிவு 4-இல் முதல் கேள்வி, அந்த நிறுவனம் ஆதிக்க நிலையில் இருக்கிறதா என்பது. மூன்று நான்கு பேர் கடும் போட்டியில் இருக்கும் சந்தையில் எவரையும் தனி ஆதிக்க நிறுவனம் என்று சொல்வது கடினம். பலர் சேர்ந்து ஆதிக்கம் செலுத்துகிறார்கள் என்ற கருத்தை நம் சட்டம் ஏற்பதில்லை. ஓலா, உபர் வழக்குகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டன. இது சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை என்றே நான் கருதுகிறேன். இணைய நிறுவனங்களை முன்கூட்டியே கட்டுப்படுத்தும் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது, சட்டமாகவில்லை. சங்கங்கள் கூட்டாகக் கோரிக்கை வைக்க வேண்டிய விஷயம் இது. அதற்குத் தடையும் இல்லை.

புகார் கொடுக்கும் முறை

யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். நேரடியாக நஷ்டப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. 2023 திருத்தத்துக்குப் பிறகு, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் மன்னிக்கலாம். கட்டணம் உண்டு. தனிநபருக்கும் நுகர்வோர் அமைப்புக்கும் குறைவு, நிறுவனங்களுக்கு விற்றுமுதலைப் பொறுத்து உயரும். தென் மாநிலங்களுக்காகச் சென்னையில் ஆணையத்தின் மண்டல அலுவலகம் 2021 முதல் இயங்குகிறது. பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்கலாம். கம்பெனியைப் பகைத்துக்கொண்டால் சரக்கு நின்றுவிடும் என்று அஞ்சும் டீலர் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

ஆணையம் முதல் பார்வையில் முகாந்திரம் இருப்பதாகக் கருதினால் தன் புலனாய்வுப் பிரிவான தலைமை இயக்குநரிடம் வழக்கை ஒப்படைக்கும். அங்கிருந்து தீர்ப்புக்குப் பல ஆண்டுகள் ஆகும். பாரத் மேட்ரிமோனிக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. அபராதப் பணம் உங்களுக்கு வராது; அது அரசுக்குப் போகும். நஷ்டஈடு வேண்டுமானால் தீர்ப்புக்குப் பின் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உடனடியாகச் சரக்கு வேண்டும், பாக்கி வசூலாக வேண்டும் என்பவர்களுக்கு சிவில் நீதிமன்றமே பொருத்தம். ஆணையம் சந்தையைச் சரிசெய்யும் அமைப்பு, தனிப்பட்ட தகராறைத் தீர்க்கும் இடம் அல்ல. இது புரியாமல் போடப்படும் புகார்கள்தான் ஆரம்பத்திலேயே தள்ளுபடியாகின்றன.

விசாரணை உங்கள் பக்கம் திரும்பினால் எதையும் அழிக்காதீர்கள். கேட்ட ஆவணத்தைத் தர மறுத்தால் நாளொன்றுக்கு ஒரு லட்சம் வீதம் ஒரு கோடி ரூபாய்வரை தனி அபராதம் உண்டு. அழித்த செய்தி எதிராளியின் போனில் அப்படியே இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் கடந்த சில ஆண்டுகளின் மினிட்ஸ் புத்தகத்தையும் சுற்றறிக்கைக் கோப்பையும் எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். விலை, லாப விகிதம், தள்ளுபடி, என்ஓசி, புறக்கணிப்பு பற்றிய தீர்மானம் ஏதாவது கண்ணில் பட்டால் பக்கத்தைக் கிழிக்காமல் அப்படியே ஒரு வழக்கறிஞரிடம் கொண்டுபோங்கள். அவர் ஆலோசனைப்படி அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, ரத்து செய்ததை உறுப்பினர் அனைவருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.